கோதுமை ஆகாதவர்க்கு ஏற்ற உணவும் பலகாரமும்

புழல் ஏரியை அடுத்த செங்குன்றம், நெல் அரிசி வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊராகும். பொன்னேரி, சோழவரம், மீஞ்சூர் வட்டாரங்களிலிருந்தும் அண்டையிலுள்ள ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் வரும் நெல், இங்குள்ள ஆலைகளில் அவித்து அரைக்கப்பட்டுச் சென்னை நகரின் அடுப்புகளைச் சென்றடைகிறது. தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்றாகப் புழற்கோட்டம் விளங்கிய காலந்தொட்டே இது நெல் விளைந்த பூமிதான். இன்று ஏரி நீர் நகரத்தின் குடிநீருக்குப் போகிறது. கழனிகள் பல கிடங்குகளாகிவிட்டன. அக்கிடங்குகளிலும், மணலி, எண்ணூர் ஆலைகளிலும் வேலை பார்க்க வந்துள்ள வடமாநிலத் தொழிலாளர்களுக்காக, அதே கடைவீதியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே ஆட்டா மூட்டையும் அடுக்கப்படுகிறது.

இவ்விரு மூட்டைகளும் அருகருகே இருப்பதால் நம்மில் பெரும்பாலோர்க்கு யாதொரு கெடுதியும் இல்லை. ஒரு சிலருக்கு மட்டும் ஆட்டா மூட்டையிலிருந்து சிந்திய ஒரு கைப்பிடி மாவே குடலைப் புண்ணாக்கிவிடும். அத்தகையோர் எவற்றை உண்ணலாம், எவற்றை விலக்க வேண்டும், அவர்களுக்கான தானியத்தையும் மாவையும் உழவர்கள் எவ்வாறு பழுதின்றி அளிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பசைப்புரதம்

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்து, அந்த உருண்டையை ஓடும் தண்ணீரில் வைத்துக் கையால் கசக்கிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து பால்போலக் கரைந்து ஓடிவிடும். இறுதியில் கையில் இரப்பர்போல இழுபடும் சாம்பல் நிறப் பொருள் ஒன்று மிஞ்சும். அதுவே குளூட்டன் என்னும் பசைப்புரதம். பரோட்டா போடுபவர் மாவை வீசி விரிக்கும்போது அது கிழியாமல் துணிபோல விரிவதும், ரொட்டி உப்பி எழுவதும் இதனால்தான். இதையே அரிசி மாவில் செய்து பாருங்கள், கையில் ஒன்றும் மிஞ்சாது.

இப்புரதம் கோதுமையிலும், அதன் நெருங்கிய உறவுகளான பார்லி, ரை ஆகியவற்றிலும் உள்ளது. சிலருடைய உடல் பிறவியிலேயே இதனைப் பகையாகக் கருதும் தன்மையுடன் அமைந்துவிடுகிறது. கோதுமை உள்ளே போனவுடன், உடலின் தற்காப்பு ஆற்றல் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. வயலில் வேர்முடிகள் அழுகிய பயிருக்கு எவ்வளவு உரமிட்டாலும் ஏறாதல்லவா, அந்த நிலைதான். இந்நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

தீராத வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், எடை ஏறாமை, குழந்தை உயரம் கூடாமல் நிற்பது, இரும்புச்சத்து மாத்திரை தின்றும் மாறாத சோகை, அடிக்கடி வரும் வாய்ப்புண் ஆகியன இதன் அறிகுறிகள். இவை யாவும் வேறு நோய்களாலும் வரக்கூடியவை. ஆதலால் ‘சவலை விழுந்த பிள்ளை’ என்று விட்டுவிடுவதும் தவறு, கோதுமைதான் காரணம் என்று நாமாகவே முடிவு கட்டுவதும் தவறு. இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குடலிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பார்க்கும் சோதனையும் உள்ளன. இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் தெரியாமற் போகலாம். முதலில் சோதனை, பிறகுதான் பத்தியம். நோய் உறுதியானால் பத்தியம் ஆயுள் முழுவதற்கும் உரியது. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் பத்தில் ஒருவர் வரை இது இருக்கக்கூடுமாதலால் அவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது.

இதற்கு மருந்து உணவுதான் என்பது தெரிய வெகுகாலம் ஆயிற்று. 1924ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஒருவர் இத்தகைய குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே முக்கிய உணவாகக் கொடுத்துக் குணம் கண்டார். பெருமை முழுவதும் வாழைப்பழத்திற்குப் போயிற்று. உண்மையில் அக்குழந்தைகள் ரொட்டியை விட்டதே குணமடையக் காரணம். நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே என்பவர் 1930களிலேயே கோதுமைமீது ஐயம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டு ரொட்டியே கிடைக்காமற் போயிற்று. ஊரெல்லாம் பட்டினியில் வாட, இந்நோயுள்ள குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் கிடைத்ததும் அவர்கள் நோயும் மீண்டது. 1950இல் அவர் இதனை ஆய்வேடாக வெளியிட்ட பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இந்நோய் அரிது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியப் பகுதியில் ஆயிரம் பேரில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இந்நோய் இருப்பதாகவும், தென்னிந்தியப் பகுதியில் பத்தாயிரம் பேரில் ஒருவர் அளவிலேயே இருப்பதாகவும் கண்டறியப்பட்டது. அதே ஆய்வின்படி நாளொன்றுக்குச் சராசரியாக உண்ணும் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆயினும் நம் நிலையும் மாறிவருகிறது. நீரிழிவுக்கென்று இரவில் சப்பாத்தி, காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட் என்று கோதுமை நம் வீடுகளில் மூன்று வேளையும் நுழைந்துவிட்டது. வடசென்னைப் பகுதியில் குடும்பத்தோடு தங்கிவிட்ட வடமாநிலத்தவரும் பலர். எனவே இப்பத்தியத்திற்கான உணவு இங்கும் தேவைப்படவே செய்கிறது.

ஆகும் தானியங்கள்

நெல், கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய எதிலும் இப்பசைப்புரதம் இல்லை. உளுந்து, துவரை, பாசிப்பயறு, கடலை முதலிய பருப்பு வகைகளும், மரவள்ளி, உருளை, சேனை முதலிய கிழங்குகளும், சேலம் பக்கத்தில் மரவள்ளியிலிருந்து எடுக்கும் சவ்வரிசியும் ஆகும். கவுனி அரிசியைச் சமைத்தால் ஒட்டும் பசைத்தன்மை இருப்பதால் அதில் குளூட்டன் உண்டோ என்று சிலர் அஞ்சுவர். அது மாவுச்சத்தின் ஒருவகைத் தன்மையே. அச்சமின்றி உண்ணலாம்.

ஆகாதவை கோதுமையும் அதிலிருந்து வரும் ஆட்டா, மைதா, ரவை, சேமியா ஆகியனவுமாம். சம்பா கோதுமை நம் ஊர்ப் பழந்தானியம், நீரிழிவுக்கு நல்லது என்றெல்லாம் விற்கிறார்கள். அதுவும் கோதுமைதான். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் பார்லிக் கஞ்சியும் ஆகாது. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருவதால், தனிச்சான்று இல்லாததை விலக்குவதே நலம்.

விலக்க வேண்டியதை விலக்கினால் மட்டும் போதாது. குடல் தேய்ந்தவர்க்கு இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்திருக்கும். வெறும் வெள்ளைச் சோற்றால் அது நிரம்பாது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறுவது அரிது. கம்பில் 100 கிராமுக்கு 6 முதல் 8 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. ஆதலால் ஒருவேளை அரிசி, ஒருவேளை கேழ்வரகு அல்லது கம்பு என்று மாற்றி உண்பதும், கூழோடு கீரையும், எலுமிச்சை அல்லது நெல்லிக்காயும் சேர்ப்பதும் சிறந்தது. பெரிய கடைகளில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டுக் கொள்ளை விலைக்கு விற்கும் அயல்நாட்டு ரொட்டியும் பிஸ்கட்டும் பெரும்பாலும் வெறும் மாவுச்சத்தும் சர்க்கரையுமே. அந்த விலைக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய கேழ்வரகை வாங்கிவிடலாம். நோய் இல்லாதவர்கள் நாகரிகம் கருதி இப்பத்தியத்தை மேற்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ரகத்தைப் பொறுத்தவரை, இட்லிக்கு ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகங்கள் ஏற்றவை. திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 9 சிவப்பரிசி ரகம் புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் நன்றாக இருக்கும். சாமை, தினை, வரகு பயிரிட விரும்புவோர், திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தல் சிறுதானிய மையம் வெளியிட்ட ரகங்களைக் கேட்டுப் பெறலாம்.

பசையில்லா மாவைப் பக்குவம் செய்தல்

பசைப்புரதம் இல்லாத மாவு பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஒட்டாமல் உதிரும். கேழ்வரகு ரொட்டி ஓரத்தில் வெடிப்பது இதனால்தான். நம் பாட்டிமார் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று வெந்நீர். இடியாப்பம், கொழுக்கட்டை மாவைக் கொதிநீர் ஊற்றிப் பிசைகிறோம். வெப்பத்தால் மாவுச்சத்தின் ஒரு பகுதி வெந்து கூழாகி, மீதி மாவை ஒட்டிப் பிடிக்கிறது. கேழ்வரகு, கம்பு, சோள ரொட்டிக்கும் மாவில் மூன்றில் ஒரு பங்கை முதலில் கொதிநீரில் களிபோலக் கிளறிக்கொண்டு, மீதியைச் சேர்த்துப் பிசைந்து தட்டினால் வெடிப்பு வெகுவாகக் குறையும்.

மற்றொன்று உளுந்து. உளுந்தை அரைக்கும்போது நுரைத்துப் பொங்கும் வழவழப்பு, புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரொட்டியில் குளூட்டன் செய்யும் வேலையை இட்லியில் உளுந்து செய்துவிடுகிறது. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது வழக்கம். அரிசியில் பாதியைச் சாமை, வரகு அல்லது குதிரைவாலியாக மாற்றினாலும் இட்லி பழுதின்றி வரும். முழுவதும் சிறுதானியமாக்கினால் உளுந்தைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

பலகாரத்திற்கும் பஞ்சமில்லை. முறுக்கு, தட்டை, சீடை, அதிரசம், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பொரியுருண்டை, தேன் கலந்த தினைமாவு, பூரணக் கொழுக்கட்டை, சவ்வரிசிப் பாயசம், உளுத்தங்களி யாவும் இயல்பாகவே கோதுமை இல்லாதவை. பிறந்தநாள் கேக்கைக் கண்டு ஏங்கும் பிள்ளைக்கு, கேழ்வரகு மாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இட்லித் தட்டில் அவித்த இனிப்பு அப்பத்தைச் செய்து தரலாம். ஆசையைத் தீர்க்காத பத்தியம் நிலைக்காது. பள்ளி வாசலில் நண்பன் நீட்டும் ஒரு பிஸ்கட்டில் அது முறிந்துவிடும்.

மறைந்து வரும் கோதுமை

கண்ணுக்குத் தெரியும் சப்பாத்தியை விலக்குவது எளிது. கண்ணுக்குத் தெரியாமல் வருவதுதான் தொல்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு சேர்க்கிறார்கள். சாம்பார், இரசம், முறுக்கு எல்லாவற்றிலும் அது போய்ச் சேருகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, பார்த்து வாங்க வேண்டும். சத்துமாவில் முளைகட்டிய கோதுமை சேர்ப்பது பரவலான வழக்கம். மால்ட் என்று பெயர் கொண்ட பானங்களில் பார்லி முளையும் கோதுமையும் இருக்கும். ஃபிரைடு ரைஸ் அரிசிதானே என்று எண்ணலாம், அதில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை உண்டு. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த அத்தோவும் மைதாவில் செய்த நூடுல்ஸே. கடைகளில் மீன் வறுவலுக்கு மசாலா உதிராமல் இருக்க மைதா தூவுவதுண்டு. ஜாங்கிரி உளுந்தில் செய்வது, ஆகும். ஜிலேபி மைதா, ஆகாது. இரண்டையும் ஒரே எண்ணெயில் பொரித்தால் ஜாங்கிரியும் ஆகாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ராகி சேமியா, ராகி பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் ஆகியனவே. உறையின் முன்புறம் கேழ்வரகுக் கதிர் படம் பெரிதாக இருக்கும். பின்புறம் சேர்மானப் பட்டியலைப் படித்தால் முதலில் நிற்பது பல சமயம் கோதுமை மாவு! 2023ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு இவை பெருகிவிட்டன. சேர்மானத்தில் எது அதிகமோ அது முதலில் எழுதப்பட வேண்டும் என்பதும், கோதுமை இருந்தால் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே படத்தைப் பாராது பட்டியலைப் படிக்கவும்.

பள்ளியில் உண்ணும் பிள்ளைகள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2022இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தின் உணவுப் பட்டியலிலேயே ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் இடம்பெற்றன. மருத்துவச் சான்றைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, சமையல் செய்பவரிடமும் நேரில் எடுத்துச் சொல்லி, அந்த நாட்களுக்கு வீட்டிலிருந்து இட்லி கொடுத்தனுப்பலாம்.

மாவு மில்லில் நேரும் கலப்பு

இனி உழவர் பெருமக்கள் சிந்திக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதியின்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இது எவ்வளவு சிறிய அளவு என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். கோதுமையில் குளூட்டன் ஏறக்குறைய 8 முதல் 9 சதம். ஆயிரம் கோதுமை மணிகளின் எடை சுமார் 40 கிராம். அப்படியானால் ஒரு மணியில் மூன்று மில்லிகிராமுக்கு மேலேயே குளூட்டன் இருக்கிறது. ஒரு கிலோ அரிசியோடு ஆறு கோதுமை மணிகள் சேர்ந்து அரைபட்டாலே அளவு எட்டிவிடும். மாவாகச் சொன்னால், 100 கிலோ அரிசி மாவைக் கெடுக்க 25 கிராம் கோதுமை மாவு போதும்.

தெருமுனை மாவு மில்லில் காலையில் கோதுமை அரைத்த எந்திரத்திலேயே அடுத்து நம் அரிசியும் கேழ்வரகும் விழுகின்றன. கல்லின் பள்ளங்களிலும், குழாயிலும், மாவு இறங்கும் துணிப்பையிலும் தங்கியிருப்பது 25 கிராமைவிட மிக அதிகம். முதலில் விழும் இரண்டு கிலோவைத் தனியே எடுத்துவிடுவது மற்றவர்க்குப் போதுமான சுத்தம். நோயாளிக்கு அது போதாது. வயலில் குற்றமில்லாத தானியம் மில்லில் குற்றப்படுகிறது என்பதே உண்மை.

நம் நன்மைக்கு இரண்டு காரியங்கள் உள்ளன. தமிழ்நாட்டுச் சமவெளியில் கோதுமைச் சாகுபடி இல்லை. வட மாநிலங்களில் ஒரே நிலத்தில், ஒரே அறுவடை எந்திரத்தில், ஒரே களத்தில் கோதுமையும் பிற தானியமும் மாறி மாறி வருவதுபோன்ற கலப்பு நம் வயலில் நேர வழியில்லை. அடுத்து, நம் அன்றாட உணவான இட்லி தோசை மாவு மில்லைத் தொடுவதே இல்லை. வீட்டில் ஊறவைத்து ஆட்டுக்கல்லிலோ கிரைண்டரிலோ அரைப்பதால் அது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. புதிதாக நோய் கண்ட வீட்டாருக்கு என் யோசனை, முதல் மூன்று மாதம் மில்லில் அரைத்த எந்த மாவையும் நாடாமல், சோறு, களையப்பட்ட முழுத்தானியக் கஞ்சி, வீட்டில் அரைத்த மாவு ஆகியவற்றோடு நிற்பதே. இடியாப்பத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்சியில் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். சல்லடையும் கோதுமைக்குப் பயன்படாத தனிச் சல்லடையாக இருக்கட்டும்.

மாவாக்கி விற்க விரும்புவோர் கோதுமையே நுழையாத தனி எந்திரம் வைத்தால்தான் இத்தொழிலில் இறங்க வேண்டும். ஐந்தாறு உழவர்கள் கூடி ஒரு சிறு பல்வரைசர் வாங்கிக்கொள்வது இயலும். கோதுமை வந்த பழைய சாக்கை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. சாக்கின் தையலில் பத்து மணிகள் ஒளிந்திருக்கும். வாங்கும் உளுந்தையும் கடலைப்பருப்பையும் தாம்பாளத்தில் பரப்பிக் கோதுமை மணி பொறுக்கிய பின்பே அரைக்கவும். அரைக்கும் இடத்தில் வேலையாட்கள் சப்பாத்தி, பரோட்டாப் பொட்டலங்களைப் பிரிக்காமல் வெளியே உண்ண ஏற்பாடு செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுத்து அளவு தெரிந்த பின்னரே உறையில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடலாம். சோதிக்காமல் எழுதுவது குற்றம். அதை நம்பி வாங்குபவர் ஒரு தாயாக இருப்பார், உண்பது அவருடைய குழந்தையாக இருக்கும்.

கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் முளைவிட்டு, உலர்த்தி, முளையைத் தேய்த்து நீக்கி, இளம் வறுவலாக வறுத்து அரைத்தால் குழந்தைகளுக்கேற்ற மால்ட் மாவு கிடைக்கும். இது நாட்பட இருக்கும். கம்பு மாவில் எண்ணெய்ச்சத்து மிகுதியாதலால் பத்துப் பதினைந்து நாட்களில் கசப்பேறும். எனவே கம்பைத் தானியமாகவே வைத்திருந்து, கேட்பு வந்த பிறகு அரைத்துக் கொடுப்பது நல்லது. முறுக்கு, தட்டை செய்து விற்கும் மகளிர் குழுக்கள் பெருங்காயத்தை மட்டும் மாற்றி, எண்ணெய்ச் சட்டியைத் தனியே வைத்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியதாகும்.

எந்திரத் தேர்வு, உறையிடுதல், பயிற்சி ஆகியவற்றிற்குத் திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும், சிறுதானிய மதிப்புக்கூட்டல் குறித்து அறிய விரும்புவோர் தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் அணுகலாம். செல்லும்போது தங்கள் மாவில் அரைக் கிலோவும், அரைத்த மில்லில் வேறு என்னென்ன தானியங்கள் அரைபடுகின்றன என்ற விவரமும் கொண்டு செல்லவும்.